வெயிலுக்குப் பயந்த முத்தலிப்

மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே ஓடிய லோஞ்சுப் படகில் கயிறு கட்டும் வேலை முத்தலிப்புக்கு. பிறவியிலேயே அவருடைய தோலில் நிறம் இல்லை. தலைமயிரும் இமையும் காய்ந்த வைக்கோல் போல வெளுத்திருக்கும். துறைமுகத்தில் எல்லோரும் "வெள்ளையர்" என்றே கூப்பிட்டார்கள். கடல் பளபளக்கும்போது கண்ணை இடுக்கிக்கொண்டுதான் கயிற்றை எறிவார்.

அவருடைய ராத்தா, சித்தி பரீதா என்ற மூத்த சகோதரிக்கும் அதே தோல். வயல் வேலைக்குப் போய் வந்தவளுக்குக் கன்னத்தில் சின்னதாய் ஒரு பொருக்கு வந்தது. நகத்தால் பிய்த்தாள். ஆறவில்லை. எண்ணெய் பூசினார்கள், ஓதி ஊதினார்கள். புண் கண்வரை தின்றுகொண்டு போனது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவள் மௌத்தானபோது, உடலைக் குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்து யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அப்போது முத்தலிப்புக்கு மீசை அரும்பும் வயது. என்ன வியாதி என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாததால் அவர் எல்லாவற்றுக்கும் பயந்தார்.

கலியாணமாகிச் சில வருடங்களில், அவருடைய காதின் மேல்விளிம்பில் ஒரு பொருக்கு வந்தது. துவாயைத் தலையில் சுற்றிக் காதை மறைத்தார். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். ஒருநாள் காலை மனைவி ரபீக்கா தலையணையில் இரத்தத்தைக் கண்டாள்.

"இது என்ன?"

"கயிறு உரசினது."

"கயிறு காதையா உரசும்? உங்கட ராத்தாவுக்கும் இப்பிடித்தானே தொடங்கினது?"

முத்தலிப் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ஓம். அதுதான் ஒருத்தருக்கும் காட்ட ஏலாம இருந்தனான்."

அன்றைக்கே ரபீக்கா அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் கனகசுந்தரம் காதை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, நான் செத்துப்போவேனா?"

"இன்னும் ஆழமாப் போகேல்லை. வெட்டி எடுக்கலாம். இது புற்றுநோய், முத்தலிப். வெயிலால வந்தது. மற்ற ஆக்களுக்குத் தோலின்ர நிறமே ஒரு காவல். உங்களுக்கு அது இல்லை. தண்ணியில பட்டுத் தெறிக்கிற வெயிலும் சுடும்."

வெட்டிய துண்டைச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பதில் வரும்வரை முத்தலிப்புக்குச் சோறு இறங்கவில்லை. தொழுகையில் குனிந்தால் காது துடிக்கும். அது பரவுகிற துடிப்போ என்று பாதியில் நின்றுவிடுவார். கடைசியில், நோய் பரவவில்லை என்று நல்ல பதில் வந்தது. பாதிக் காது போனது, உயிர் தங்கியது. தினமும் பூசச் சொல்லி டொக்டர் ஒரு வெள்ளைக் களிம்பு கொடுத்தார். நீளக்கைச் சட்டை, அகலத் தொப்பி. முத்தலிப் ஒருநாளும் தவறவில்லை.

பிறகு ஸாலிஹா பிறந்தாள். மருத்துவிச்சி துணியை விலக்கிக் காட்டினாள். குழந்தையின் இமைகள் வெள்ளையாய் இருந்தன. முத்தலிப் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

வீட்டு யன்னல்களுக்குச் சாக்குத் தைத்துத் தொங்கவிட்டார். பிள்ளையை முற்றத்தில் இறக்கவே விடவில்லை. பள்ளிக்கூட வயது வந்தும் அவள் இருட்டுக்குள்ளேயே இருந்தாள். பொறுக்க முடியாமல் ரபீக்கா டொக்டரிடம் போய்ச் சொல்ல, அவர் முத்தலிப்பைக் கூப்பிட்டுக் கோபப்பட்டார்.

"அடைச்சு வைக்கவா நான் மருந்து தந்தனான்? பூசிப்போட்டு வெளியில விடுங்கோ."

பள்ளிக்கூடத்தின் முதல்நாள் காலை அவளுக்கு முகம், கழுத்து, காதின் பின்பக்கம், புறங்கை என்று பூசிவிட்டு, குடையைக் கொடுத்து அனுப்பினார். பள்ளி விடும்வரை வேலிப் படலையடியிலேயே நின்றார். திரும்பி வந்தவள், பிள்ளைகள் தன்னைச் சுண்ணாம்புச் சுவர் என்று சிரித்ததாகச் சொல்லி அழுதாள்.

கொஞ்சம் வளர்ந்ததும் அவள் எதிர்த்துப் பேசினாள். ஒரு மாரி காலம், வானம் மூடிக் கிடந்தது.

"வாப்பா, இண்டைக்கு வெயிலே இல்லை. பூச மாட்டன்."

"மேகத்துக்குள்ளாலயும் அது வரும், மகள்."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்!"

முத்தலிப் அவளை உட்காரவைத்து, துவாயை அவிழ்த்துக் காதைக் காட்டினார். அந்த வீட்டில் யாரும் பேசாத சித்தி பரீதாவின் கதையை முதன்முறையாகச் சொன்னார். பொருக்கு, கன்னம், கண், குளிப்பாட்டிய பெண்களின் முகம் எல்லாவற்றையும். ஸாலிஹா களிம்பை எடுத்துத் தானே பூசினாள்.

எண்பதுகள் பிறந்தபோது ஸாலிஹா வளர்ந்த குமர்ப்பிள்ளையாகியிருந்தாள். தோலில் ஒரு புண் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் முத்தலிப் அவளை யன்னலடியில் நிறுத்தி நெற்றியையும் காதையும் பார்ப்பார். ஒரு சின்னக் கொசுக்கடி தெரிந்தாலும் விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்.

"நுளம்பு, வாப்பா," என்பாள் அவள்.

"ஓம், நுளம்புதான்," என்பார். அது மறையும்வரை தினமும் பார்ப்பார்.