மூன்று மணிப் புகார்

எட்டு வயதில், வருடக் கடைசி விடுமுறை முழுவதையும் நான் ஒரு மின்சாரக் கம்பெனியில் கழித்தேன். அரசாங்கத்துடையது அல்ல, லூபோக் சீனா என்ற ஊர்ப் பக்கம் சில தோட்டங்களுக்கும் ஒரு சின்ன டவுனுக்கும் மட்டும் கரண்டு கொடுத்துவந்த தனியார் கம்பெனி. ஆபிஸ் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் இருந்தது. அங்கே புகார் ஃபோனை எடுப்பதுதான் இன்னும் கல்யாணமாகாத என் சின்னம்மாவின் வேலை. அம்மா ஃபேக்டரிக்குப் போய்விடுவதால் சின்னம்மா என்னையும் கூட்டிப்போவார்.

மத்தியானம் சாப்பிட்டதும் டவுனே கண்ணயர்ந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே கம்பிகள் வெயிலில் தொய்ந்து கிடக்கும். அவற்றில்தான் கரண்டு ஓடுகிறது என்று சின்னம்மா சொல்லியிருந்ததால், அது ஓடுவதைப் பார்த்துவிடலாமென்று மேசையில் கன்னம் வைத்துக் காத்திருப்பேன். பார்த்தபடியே தூங்கியும்போவேன்.

மூன்று மணிக்கு ஃபோன் என்னை எழுப்பும். தினமும் ஒரே ஆள்தான்; ஒரு தோட்டத்தில் தையல்கடை வைத்திருந்தவர். மெஷினின் மோட்டார் நின்று நின்று ஓடுகிறதாம். கம்பெனியில் ரிப்பேர் பார்க்கும் மாமா இரண்டு தடவை போய்விட்டு, “கம்பியும் நல்லா இருக்கு, மெஷினும் நல்லா இருக்கு. அந்த ஆளுக்குத்தான் என்னமோ” என்று சலித்துக்கொண்டார். அதற்குப் பிறகு சின்னம்மா புகார்ப் புத்தகத்தில் எழுதுவதையே விட்டுவிட்டார். “இன்னிக்கு எப்படிங்க ஓடுது?” என்று மட்டும் மெதுவாகக் கேட்பார். பதிலை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருப்பார். ஃபோன் வயர் அவர் விரலில் மோதிரம்போலச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒருநாள், கல்யாணம் நிச்சயமாகியிருந்த டைப்பிஸ்ட் அக்கா, சேலை பார்க்க எதிர்க்கடைக்குச் சின்னம்மாவை இழுத்துப்போனார். “யாராச்சும் கூப்பிட்டா எழுதி வை” என்று என்னிடம் சொல்லிப் போனார் சின்னம்மா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது.

“ஃபோன் எடுக்கிற அக்கா இல்லையா தங்கச்சி?”

“இல்ல அங்கிள். கல்யாணச் சேலை எடுக்கப் போயிருக்காங்க.”

மறுமுனையிலிருந்து காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் வந்தது.

“அப்படியா. நல்லதுலா” என்றார் கடைசியில்.

“உங்க மோட்டார் எப்படி ஓடுது?” சின்னம்மாவைப் போலவே கேட்டேன்.

“சரியாப் போச்சு தங்கச்சி. இனிமே கூப்பிட மாட்டேன்னு சொல்லிடு.”

புத்தகத்தில் பெரிய எழுத்தில் ‘தையல்கடை சரியாகிவிட்டது’ என்று எழுதி வைத்தேன். திரும்பிவந்த சின்னம்மா அதை இரண்டு தடவை படித்தார்.

“அவரே சொன்னாரா?”

“ஆமா. இனிமே கூப்பிட மாட்டாராம்.”

“நீ என்ன சொன்னே?”

“ஒன்னும் சொல்லலையே. மோட்டார் எப்படின்னு கேட்டேன், அவ்வளவுதான்.” பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. சேலை விஷயம் புகாரில் சேராதே!

மறுநாள் மூன்று மணிக்கு ஃபோன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சின்னம்மா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, சத்தம் வருகிறதா என்று பார்த்து, மெல்லத் திரும்ப வைத்தார். ஒரு வாரம் கழித்து ரிப்பேர் மாமாவை அனுப்பினார். “கடையைக் காலி பண்ணிட்டு ஜோகூர் போயிட்டானாம்” என்று வந்து சொன்னார் மாமா. சின்னம்மா தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில், கம்பெனிக்காரர்களால் முடியாத புகாரை நானே தீர்த்துவைத்ததாக எல்லோரிடமும் சொன்னேன். அப்பா கைதட்டினார். சின்னம்மா என் தலையைத் தடவி, “கெட்டிக்காரி” என்றார். அந்தக் கை ஏன் அவ்வளவு நேரம் என் தலையிலேயே இருந்தது என்று நான் கேட்கவில்லை.