வெள்ளை இடத்தில் கிடைத்த மணிகள்

அந்தப் பெண்பிள்ளை தன் லப்டொப்பில் எங்கள் ஊரைக் காட்டினாள். முகிலுக்கு மேலே நின்று பார்ப்பது போல இருந்தது. வயல்களெல்லாம் நிறம் நிறமாகக் கரைந்து கிடந்தன.

பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். பழங்காலத்து ஆட்கள் இருந்த இடங்கள் தண்ணீருக்கு எவ்வளவு கிட்ட, எவ்வளவு உயரம், என்ன மண் என்று கணக்குப் போட்டு, தோண்டாமலே மற்ற இடங்களையும் சொல்கிற படிப்பாம். சிவப்பு என்றால் இருந்திருப்பார்கள். வெள்ளை என்றால் இல்லை. என் வீடு நிற்கிற வளவு வெள்ளை. ஆனால் அன்று காலை என் வீட்டுச் சுவரோரம், மழை அரித்த இடத்தில், பானை ஓடுகளும் மூன்று நீல மணிகளும் பொறுக்கியிருந்தாள்.

"அம்மா, என்ர கணக்குப் பிழைச்சிட்டுது. வீட்டுக்குள்ள ஒரு குழி வெட்டிப் பாக்க விடுவீங்களோ?"

பக்கத்து வளவு மச்சாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். "விடு மச்சாள். ராசா ஆரும் படுத்திருப்பார். தொல்பொருள் ஆக்கள் வந்து கம்பி அடிச்சு, போர்டும் நட்டு, உன்னைத் திரும்பவும் முகாமுக்கு அனுப்பட்டும்."

பகிடிதான். ஆனால் தமிழ்நாட்டு அகதி முகாமில் தகரத்துக்குக் கீழே படுத்து நான் கனவு கண்ட வீடு அது.

கணக்குப் பிழைத்த காரணம் எனக்குத் தெரியும். திரும்பி வந்த புதிதில் வளவு பள்ளம். மாரியில் வெள்ளம் நிற்கும். குளத்துக்கு அங்கால் இருந்த மேட்டை வெட்டி, டிரக்டரில் ஏற்றி வந்து அத்திவாரத்தை நிரப்பினோம். ஊரே அப்படித்தான் செய்தது. யாரிடமும் கேட்கவில்லை. இப்போது சொன்னால் ஏசுவார்களோ? அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். அவள் தேத்தண்ணீர் குடித்து முடியும்வரை என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கணக்குப் பிழைக்கேல்லை பிள்ளை," என்றேன். "மண்தான் இஞ்சத்த மண் இல்லை."

எல்லாவற்றையும் சொல்லி, படத்தில் அந்த மேட்டை விரலால் தொட்டேன். கடும் சிவப்பு.

"இப்ப எவ்வளவு மிச்சம் கிடக்கம்மா?"

"அங்க ஒண்டும் இல்லை. எங்கட வீடுகளுக்குக் கீழதான் கிடக்கு."

அவள் ஏசவில்லை. குனிந்து சிமெந்து நிலத்தில் உள்ளங்கையை வைத்தாள். வீடு வள்ளம் போல மெல்ல மிதப்பதாகவும், கீழே யாரோ ஒருத்தி உலை வைத்துவிட்டுப் பிள்ளைக்கு மணி கோத்துக்கொண்டிருப்பதாகவும் எனக்குப் பட்டது.

"குழி வேண்டாம்," என்றாள். "எந்தெந்த வீட்டுக்கு அந்த மண் போனதெண்டு வந்து காட்டுவீங்களோ?"

அழைக்காமல் ஒருவர் வீட்டுப் படலையையும் நான் திறந்ததில்லை. "ஓம்" என்றேன்.

முதலில் மச்சாள் வீடு. "எனக்கொண்டும் தெரியாது," என்று முகத்தைத் திருப்பினாள். நிலத்தை உடைக்க மாட்டார்கள் என்று நான் சொன்னதும் அலுமாரியைத் திறந்து, பழைய தைலப் போத்தல் ஒன்றை எடுத்துவந்தாள். அரைப் போத்தல் நீல மணி.

"மண்ணுக்க வடிவாக் கிடந்தது, பொறுக்கினனான்," என்றாள், அந்தப் பெண்பிள்ளையின் கையில் கொடுக்காமலே.