பக்குரங்காவில் வக்கீலின் நாட்குறிப்பு

1996 ஆகஸ்ட், திங்கள். நாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பி மூன்றாம் நாள் மதியம் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இறங்கினேன். சிங்கப்பூரில் மட்டும் ஏழு மணி நேரம் காத்திருப்பு. முட்டி இரண்டும் மடங்க மறுத்தன. இங்கே இப்போது குளிர்காலம் என்று படித்திருந்தும் பருத்திச் சட்டையோடு வந்த புத்திசாலி நான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சிறுநகரம் ஒன்றில் வக்கீலாகவும் நகரசபை உறுப்பினராகவும் இருந்த ஒருவர், எங்கள் ஊரில் ஒரு மழைக்காலம் தங்கியதாகப் பயண நூல் எழுதினார். எட்டு வருஷமாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வருகிறேன். அந்த மழைக்காலத்து நாட்குறிப்பு மட்டும் கிடைக்காமல் இருந்தது. இங்கே மணமாகி வந்த அவருடைய கொள்ளுப்பேத்தியிடம், ஆக்லாந்தின் புறநகரான பக்குரங்காவில், அது இருக்கிறது.

அந்த அம்மாளைப் பராமரிக்கும் யாழ்ப்பாணத்து நர்ஸ் யோகம் காரோடு காத்திருந்தார். வீடு இருபது கிலோமீட்டர். வழியில் இரண்டு டாலருக்கு, சீஸ் அடைத்துச் சுட்ட 'பை' ஒன்றைச் சூடாக வாங்கித் தந்தார்.

"ஒரு டைரிக்காகவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"ஆமாங்க. அவரு எங்க ஊருல இருந்த நாளெல்லாம் அதுல இருக்கணும்."

"ஓம், இருக்கும். முதல்ல சாப்பிடுங்கோ."

செவ்வாய், காலை ஒன்பது. எண்பத்தாறு வயதுக் கொள்ளுப்பேத்தி நாட்குறிப்பை என் கையில் கொடுத்தார். பதினோரு மணிக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. மழைக்காலத்தின் அந்த நான்கு மாதமும் மனிதர் வாராவாரம் தன் ஊர் நகரசபையில் சாக்கடைக்காகச் சண்டை போட்டிருக்கிறார். மாலைகளில் சிறைக்குப் போயிருக்கிறார். அங்கே கொலை வழக்கில் ஒரு மாலுமி அவருடைய கட்சிக்காரன். "இன்று நாகப்பட்டினத்துக் கடைத்தெருவைப் பற்றிச் சொன்னான்." "இன்று மீன் ஏலம்." நூலில் நான் வாய்பிளந்து படித்த பக்கங்கள் வரிசையாக வந்தன. அழுகை வந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"என்ன, பிழையோ?" என்றார் யோகம்.

"இவரு எங்க ஊருக்கு வரவே இல்லீங்க. எட்டு வருஷம் போச்சு."

யோகம் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் கொள்ளுப்பேத்தி வியந்தார். "அவருக்குக் கப்பல் என்றாலே பயம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் கடிதத்தில் அதைக் கேட்கவே இல்லையே!"

கடிதங்களில் நாள், தேதி, பக்க எண் எல்லாம் கேட்டிருந்தேன். போனாரா என்று கேட்கத் தோன்றவில்லை.

"அப்ப உங்கட ஊருக்கு வந்தது ஆர்?" என்றார் யோகம்.

மறுபடி புரட்டினேன். கடைசியில் இப்படி இருந்தது: "காலையில் என் கட்சிக்காரனைத் தூக்கிலிட்டார்கள். அங்கே மழை எந்த மாதம் விடும் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்."

புதன், மதியம் இரண்டு. விமான நிலையத்தில் பெட்டியிலிருந்து என் கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். முதல் பக்கத்தில் வக்கீலின் பெயரை அடித்தேன். மாலுமியின் பெயரை எழுதப் பேனாவைத் தாளில் ஊன்றினேன். நான்கு மாத நாட்குறிப்பில் எந்த இடத்திலும் வக்கீல் அதைக் குறித்திருக்கவில்லை.