ஆனந்தவள்ளி பார்த்த வெறுங்குழிகள்

"சுயேச்சைச் சரிபார்ப்பாளர் என்பவர், தாம் சரிபார்க்கும் விமான நிலையத்தின்பால் விருப்போ வெறுப்போ இல்லாதவர், அதன் வெற்றியிலும் தோல்வியிலும் சொந்த ஈடுபாடு எதுவும் அற்றவர்." ஆனந்தவள்ளிக்கு வேலை கொடுத்திருந்த சென்னை நிறுவனம் தன் இணையதளத்தில் அவள் படத்துக்குக் கீழே இப்படித்தான் போட்டிருந்தது. படத்தில் அவளும் அதற்கேற்ற முகத்தோடுதான் இருந்தாள்.

தென்காசியில் விமான நிலையம் கிடையாது. ஆனாலும் அந்த ஊர்க் கீழப்புலியூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த விமான நிலையம் டீசலைக் குறைத்தது, எது குப்பையைக் குறைத்தது, எது குறைத்ததாகச் சொல்லிக்கொண்டது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன இலக்கை எட்டினார்களா, இல்லையா? அதைச் சொல்வதுதான் வேலை. பக்கத்து வீட்டு மிஸ்ரியாவுக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம்: "அக்கா, துபாய் டிக்கெட் கொறைச்சுக் கெடைக்குமா?"

விருப்பு வெறுப்பு விஷயத்துக்கு வருவோம். பொன்செல்வியும் ஆனந்தவள்ளியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, கல்லூரியில் ஒரே விடுதி அறை. வடக்கே ஒரு பெரிய விமான நிலையத்தில் சுற்றுச்சூழல் பிரிவு வேலைக்கு இருவரும் ஒன்றாகவே ரயிலேறிப் போனார்கள். பொன்செல்விக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து பொன்செல்வி சிங்கப்பூரில் நிற்கிற படம், ஏதோ மேடையில் மைக் பிடிக்கிற படம் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். எல்லாவற்றுக்கும் ஆனந்தவள்ளி இதயக்குறி போட்டாள். ஒன்றைக்கூட மனதாரப் போட்டதில்லை.

அந்த விமான நிலையம், தான் விடும் புகைக்கு ஈடாக மரம் வளர்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தது. இடம் அச்சன்புதூர். பொன்செல்வி பிறந்த ஊர். அவள் சொல்லித்தான் அங்கே அமைந்தது. ஜூன் முடிவுக்குள் எல்லாக் கன்றுகளையும் நட்டாயிற்று என்று பொன்செல்வியின் பிரிவிலிருந்து அறிக்கை, கூடவே படங்கள். சென்னை நிறுவனம் வரைபடத்தைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவள் என்று அதைச் சரிபார்க்க ஆனந்தவள்ளிக்கே அனுப்பிவிட்டது. உறவினர் உண்டா, பங்கு உண்டா, பரிசு வாங்கியதுண்டா என்று கேட்டார்கள். இல்லை, இல்லை, இல்லை. பொறாமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

படங்களைப் பார்த்தே முடித்திருக்கலாம். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். அந்த வேகத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தாள்.

ஆடிக் காற்று ஸ்கூட்டரைப் பிடித்துத் தள்ளியது. வயலில் குழிகள் வரிசையாக இருந்தன. கன்று ஒன்றுகூட இல்லை. சாரல் நனைத்த எருவோடு எல்லாம் வெறுங்குழிகள். ஆனந்தவள்ளிக்கு வயிறு குளிர்ந்தது.

நிலத்துக்காரர் இசக்கிமணி தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு வந்தார். "யாரு தாயி?"

"சென்னைக் கம்பெனிலேருந்து பாக்கச் சொல்லிருக்காவ. கன்னெல்லாம் எங்க அண்ணாச்சி?"

"தோப்புக்குள்ள இருக்கு. வா, காட்டுதேன்."

தென்னந்தோப்பின் மறைவில் கன்றுகள் பையோடு நின்றன. நல்ல செழிப்பு.

"நட்டதா போட்டோ இருக்கே?"

"போட்டோவுக்குக் குழில எறக்கி வச்சோம். எடுத்து முடிச்சதும் திரும்பத் தூக்கிட்டு வந்துட்டோம். இந்தக் காத்துல நட்டா ஒண்ணு நிக்குமா? குழி வெட்டி எருவும் போட்டாச்சு, கன்னும் வந்தாச்சு. நட்ட மாதிரித்தான?"

"நட்ட மாதிரிதான். ஆனா நடல."

"அது ஒங்க கணக்கு," என்றார் இசக்கிமணி பெருந்தன்மையாக.

வீடு வரும்வரை அவள் பாட்டு முனகிக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாள் பொன்செல்வியே கூப்பிட்டாள். லீவில் வந்திருக்கிறாளாம், குற்றாலம் ஐந்தருவிக்கு வரவேண்டுமாம். ஒருத்தியைக் கவிழ்க்கப் போகிறவள் அவளோடு குளிக்க மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு போனாள். சீசன் நேரத்தில் எங்கள் பக்கம் இதெல்லாம் சகஜம்.

பெண்கள் வரிசையில் நின்றபோது பொன்செல்வியே ஆரம்பித்தாள். "ஏட்டி, அச்சன்புதூர் போயிருந்தியாமே. இசக்கிமணி அண்ணாச்சி சொன்னாரு."

"போனேன். நட்டாச்சுன்னு போட்டிருக்க. அங்கன வெறுங்குழில்லா கெடக்கு."

"நான் எங்கட்டி போட்டேன்? அச்சன்புதூர்ல பெறந்துட்டு ஆனி ஆடிக் காத்துல நடச் சொல்லுவனா? காத்து கழியட்டும், ஐப்பசியில நடுவோம்னு மேனேஜர்கிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன். அந்த ஆளுக்கு விருது வாங்கணும். நட்டாச்சுன்னு அவனே எழுதிட்டான்."

"அப்போ நான் என்ன எழுத?"

"நடலன்னு எழுது! அவன் கெளம்புவான். அந்த சீட்டு எனக்குத்தான்னு மேல சொல்லியாச்சு." பொன்செல்வி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வேற எவனாச்சும்னா போட்டோவப் பாத்தே முடிச்சிருப்பான். நீ வந்தது என் அதிர்ஷ்டம்ட்டி. வா, பின்னாலேருந்து தள்ளுதாவ!"

அருவியில் தலை கொடுத்தால் சித்தம் தெளியும் என்று குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஆனந்தவள்ளிக்குத் தெளிந்தது, அதுதான் தொல்லை. உண்மையை எழுதினால் பொன்செல்வி மேனேஜர். பொய் எழுதினால் பொன்செல்வி இருந்த இடத்திலேயே இருப்பாள். அதுவரை கடமையும் பொறாமையும் ஒரே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தன. ஐந்தருவி நிறுத்தத்தில் ஒன்று இறங்கிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் திறந்தாள். படங்கள் நன்றாகவே இருந்தன. குழியில் கன்று, பக்கத்தில் ஆள், மூலையில் தேதி. விதிப்படி இவை போதும். 'நடப்பட்டன' என்று அடித்துப் பார்த்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இசக்கிமணியிடமிருந்து போன் வந்தது.

"தாயி, அந்த மேனேஜரு கூப்பிட்டாரு. நீ வந்துட்டுப் போனது தெரிஞ்சு போச்சு. நாளைக்கே எல்லாத்தையும் நட்டுருங்கங்காரு. நட்டா ஒண்ணு தங்காது. நீ என்ன எழுதப் போற? நட்டாச்சுன்னு எழுதுனா நான் நட்டுத்தான் ஆகணும்."

ஆனந்தவள்ளி திரையில் 'நடப்பட்டன' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"தாயி, இருக்கியா? நடவா, வேண்டாமா?"

"நடாதீங்க அண்ணாச்சி," என்றாள். வேப்பங்காயைக் கடித்த குரல்.

"நல்லாருப்ப தாயி. பொன்செல்வியும் இதத்தான் சொல்லிச்சு. தங்கமான பிள்ள."

"ஆமா, தங்கம்," என்று போனை வைத்தாள்.

அடித்திருந்த சொல்லை அழித்தாள். கன்றுகள் நடப்படவில்லை, தோப்பில் உயிரோடு இருக்கின்றன, ஐப்பசியில் மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்று எழுதினாள். பொன்செல்வி முன்பே எச்சரித்திருந்தாள் என்பதையும் எழுதினாள். சென்னைக்கு அனுப்பினாள்.