கலந்து கொடுத்த மூத்திரம்

அன்றைக்கு ராயபுரம் யூனியன் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முகாமுக்கு வந்த இளவயது டாக்டர், கப்பை வாங்கிப் பெட்டியில் அடுக்கிய ஆள், எங்கள் கேங்கில் மூட்டை தூக்குகிற இன்னொருவர், கேங் மேஸ்திரியான என் மனைவியின் அண்ணன், கடைசியில் நான். வேறு எவரும் இல்லை. பிற்பாடு ஹார்பர் வாசல் டீக்கடையில் கண்ணால் பார்த்ததுபோல் கதை சொன்னவர்கள் அத்தனை பேரும் புளுகர்கள்.

அதற்கு முன் எடுத்த ரத்தச் சோதனையில் எங்கள் மூன்று பேருக்கும் புராஸ்டேட் கோளாறைக் காட்டும் அளவு கூடியிருந்தது. மூத்திரப்பைக்குக் கீழே அப்படி ஒரு சுரப்பி எனக்கு இருப்பதே, எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்த நாளோடு தூக்கம் போயிற்று.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "மரபணு அப்படியேதாங்க இருக்கும். அது மேல ஒரு வேதிக்குறி ஒட்டிக்கும். காவல் காக்கிற மரபணு மேல ஒட்டினா, அது வேலை செய்யாம அடங்கிடும். அந்தக் குறியை வச்சுப் புற்றுநோய்க்கு வாய்ப்பு அதிகமான்னு பார்க்கலாம். சுரப்பியை அழுத்தின உடனே போற மூத்திரத்துல அது தெரியும்."

"மூட்டை நல்ல மூட்டை, மேல எவனோ மை வெச்சிட்டான். அதானே சார்?" என்றான் மச்சான். எதையும் புரிந்துகொண்டவன்போல் பேசுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

டாக்டர் கையுறை மாட்டி, பின்பக்கம் விரல் விட்டு அழுத்தி, ஆளுக்கு ஒரு கப் கொடுத்து அனுப்பினார். கக்கூசில் மச்சான் என் கையைப் பிடித்தான்.

"மாப்ள, கப்ப இப்டி குடு."

கேங்கில் இது வழக்கம். கம்பெனி உடல்தகுதிச் சோதனை வந்தால், முந்தின நாள் குடித்தவன் தன் மூத்திரத்தைக் குடிக்காதவனுடையதோடு கலந்துவிடுவான். சாராயம் நீர்த்துப்போகும் என்று நம்பிக்கை. குடித்தால் ஈரல் கெடும் என்று பயந்து நான் குடித்ததே இல்லை. அதனால் அந்தச் சேவை எப்போதும் என் தலையில்தான்.

"இது கம்பெனி டெஸ்ட்டு இல்ல மச்சான். நோயி கீதான்னு பாக்கறாங்கோ."

"மூத்திரம்னா மூத்திரந்தான்டா. நேத்து ஏத்தனது இன்னும் எறங்கல. எவனாச்சும் கம்பெனில போட்டுக் குடுத்தா மேஸ்திரி வேல பூடும். குடுடா, பயந்தாங்கொள்ளி."

பிடுங்கிக்கொண்டான். டீ மாஸ்டர் ஆற்றுவதுபோல் இரண்டு கப்பையும் மாற்றி மாற்றி ஊற்றிச் சமமாக்கினான்.

சில வாரம் கழித்து டாக்டர் எங்கள் இருவரை மட்டும் கூப்பிட்டார். இரண்டு கப்பிலும் குறி இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. மேஜைக்கு அடியில் மச்சான் என் காலை மிதித்தும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். டாக்டர் முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்கெல்லாம் அறிவே கிடையாதா? இது யாரோட குறின்னு நான் எப்படிச் சொல்றது? முகாமும் முடிஞ்சது, இனி அந்தச் சோதனையும் இங்க இல்ல. ரெண்டு பேரும் ஊசியில சதை எடுத்துப் பாருங்க. அதுதான் வழி."

ரோட்டுக்கு வந்ததும் மச்சான் ஆரம்பித்தான். "அது உன்துதான்டா. எப்பப் பாரு நோயி நோயின்னுகினு கீற. தேடி வந்துட்ச்சி."

"உன்துதான். குடிக்கறது யாரு, பீடி வலிக்கறது யாரு?"

"உங்கப்பன் இன்னாத்துலடா செத்தான்?"

"லாரில அடிபட்டு. உங்கப்பன்?"

அவன் அப்பா மூத்திரம் அடைத்து, இடுப்பெலும்பு வலியில் அலறி அலறிச் செத்தது எங்கள் தெருவுக்கே தெரியும்.

ஊசிக்கு முதலில் போக இருவருக்கும் மனமில்லை. ஒருவனுக்கு ஒன்றுமில்லை என்று வந்தால் குறி மற்றவன் மேல் வந்து விழும். என் மனைவிதான் கடைசியில் கத்தினாள்.

"ரெண்டு பேரும் கேங்கு கணக்குலயே முடிங்கோ. என்னிய தாலி அறுக்க வெக்காதீங்கோ."

கேங்கு கணக்கு என்றால், கிழிந்த மூட்டைக்கு ஒருவன் முதலில் பணம் கட்டுவான். யார் கொக்கி கிழித்தது என்று தெரிந்ததும் அவன் திருப்பித் தருவான். குறி யாருடையதோ அவன் இரண்டு பேர் செலவையும் ஏற்பது என்று, தங்கை தலையில் கை வைத்துச் சொன்னான் மச்சான்.

பயம் தாங்காமல் நானே முதலில் போனேன். அரசு ஆஸ்பத்திரி வரிசைக்குப் பொறுமை இல்லாமல், வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், மனைவியின் கம்மலை அடகு வைத்து. எடுத்த சதையில் ஒன்றுமில்லை என்றார்கள். ஊசி படாத இடத்துக்கு உத்தரவாதம் இல்லை, தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அவனுக்கு இருக்கிறது என்று உறுதியானால்தான் எனக்கு நிம்மதி. இப்படி நினைப்பவன் நல்லவனா என்று கேட்டால், அவனைப்போல ஒருவனோடு பதினைந்து வருடம் மூட்டை தூக்கிப் பாருங்கள்.

மச்சானிடம் ஊசிச் செலவுப் பணத்தைக் கேட்டேன்.

"உனுக்குத்தான் ஒண்ணியும் இல்லல்ல? குஷியா இரு. இன்னாத்துக்கு துட்டு?"

"நீ போய் ஊசி போட்டுக்கோ. உனுக்கும் ஒண்ணியும் இல்லன்னா நான் கேக்கவே மாட்டேன்."

"எனுக்கு இன்னாடா? கல்லு மாரி கீறேன்."

கல்லுதான். ஷிப்டு நடுவில் நாலு தரம் கன்டெய்னர் மறைவுக்குப் போகிறான். நெடுநேரம் நின்றுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறான். எவனாவது பார்த்தால் அவன் அம்மாவை இழுத்துத் திட்டுகிறான்.

"துட்டு வாணாண்ணா, ஆஸ்பத்திரிக்கு மட்டும் போ" என்று என் மனைவி அவன் காலில் விழுந்து பார்த்தாள். பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தீபாவளிக்கு மச்சான் தங்கைக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தான். என் மகளுக்குக் கொலுசு போட்டான். இந்தப் பணத்தை மட்டும் தரமாட்டான். தந்தால் குறி தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் நானும் விடாமல் நாலு பேர் முன்னால் கேட்கிறேன். இன்று காலை விம்கோ நகர் பஸ்ஸிலும் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏழாயிரத்து இருநூறு ரூபாய் இன்னும் பாக்கி.