காலியாக வந்த டப்பா

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் பருப்புச் சோறு குழைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். முதல் வாயை வாங்கினாள். இரண்டாவது வாய்க்கு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அதோடு சரி. இட்லியைப் பாலில் கரைத்தேன், வாழைப்பழத்தை மசித்தேன், ஆப்பிளை வேகவைத்தேன். ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையால் எடுத்துத் தின்னட்டும் என்று கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, மெத்தென்று வேகவைத்துத் தட்டில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

எட்டாம் மாதம் எடை பார்த்த நர்ஸ், “இன்னாம்மா, போன தடவை இருந்த மாதிரியே இருக்கா? வெறும் பாலையே குடுத்துக்கினு இருந்தா எப்படி?” என்றார். வரிசையில் நின்றிருந்த எல்லோரும் என் குழந்தையின் கையையும் காலையும் பார்த்தது போலிருந்தது.

அந்த மாதம்தான் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். கணவர் கிளியனூர் வழியாகப் போகும் பஸ்ஸில் விடியற்காலையிலேயே பாண்டிச்சேரிக்குக் கிளம்பிவிடுவார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு அக்கா ஒத்துக்கொண்டார். கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். முட்டி வலி வந்ததிலிருந்து வீட்டோடு இருந்தார். முதல் நாளே என் மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

தினமும் காலையில் ஒரு டப்பாவில் சாப்பாடு கொடுத்து அனுப்பினேன். “டாக்டர் சொல்லியிருக்காருக்கா, இதைத் தவிர வேற எதுவும் குடுக்காதீங்க” என்றேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அக்கா வீட்டில் பொங்கியதை என் குழந்தை சாப்பிடக் கூடாது என்று நினைத்தேன். அவர்கள் வேறு ஆட்கள், நாங்கள் வேறு ஆட்கள். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மாமியார் சொன்னார், கணவர் சொன்னார் என்று எழுதினால் எனக்கு எளிதாக இருக்கும். நானேதான் நினைத்தேன். சுத்தம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் டப்பா காலியாகக் கழுவி வந்தது. “மொத்தமும் துன்னுட்டாங்கம்மா” என்பார். எனக்கு நம்ப முடியவில்லை. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அதே சோற்றுக்கு வாயைத் திறக்கவே மாட்டாள். ஆனால் ஒன்றரை மாதத்தில் எடை ஏறியிருந்தது. லேபில் கூட வேலை செய்பவர்களிடம், எந்தக் காயை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை லேபில் மெஷின் பழுதாகி எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். பஸ் பிடித்து, வெயிலில் நடந்து அக்கா வீட்டுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. என் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தட்டு. அதில் கேப்பங்களி, கொஞ்சம் முருங்கைக்கீரை, வேகவைத்த சக்கரவள்ளிக்கிழங்கு. கிழங்கைக் கை நிறையப் பிடித்து ஈறால் கடித்துக்கொண்டிருந்தாள். மூக்கிலும் நெற்றியிலும் களி. அக்கா அதே தட்டில் சாப்பிட்டுக்கொண்டே அவ்வப்போது சின்ன உருண்டையாக உருட்டி அவள் பக்கம் வைத்தார். ஊட்டவில்லை. அவளே எடுத்தாள்.

வாசலோரத்தில் இரண்டு கோழிகள் என் டப்பாவில் இருந்த பருப்புச் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

“இன்னாங்கம்மா, இவ்ளோ ஜல்தியா வந்துட்டீங்க?” என்று எழப் பார்த்தார்.

“கோழிக்குப் போடத்தான் காலையில எழுந்து சமைக்கிறேனா? இத்தனை நாளும் பொய்யா சொல்லிக்கினு இருந்தீங்க?”

“இல்லம்மா, வாயே தொறக்கல அது. நானும் எவ்ளோ...”

நான் கேட்கவில்லை. களி ஒட்டிய கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். கிழங்கு கீழே விழுந்தது. அவள் வீறிட்டு அழுதாள். வீடு வந்து சேரும் வரை அக்கா வீட்டுப் பக்கமே கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் லீவு போட்டேன். நானே கேப்பங்களி கிண்டினேன், கிழங்கு வேகவைத்தேன், தரையில் உட்காரவைத்தேன். ஒன்றையும் தொடவில்லை. மூன்றாம் நாள் பலவந்தமாக வாயில் ஒரு உருண்டையை வைத்தேன். ஓங்கரித்துப் பாலையும் சேர்த்துக் கக்கினாள். கணவர் என்னை அதட்டவில்லை. “அக்காவைப் போய்க் கூப்பிடு, இல்லைன்னா வேலையை விடு” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் குழந்தையோடு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். டப்பா கொண்டுபோகவில்லை. குழந்தை என் இடுப்பிலிருந்து அவரிடம் தாவினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். “இன்னான்னு சொல்றது? எங்க வூட்டுச் சோத்தத்தான் துன்னுதுன்னா? நீங்க டப்பா குடுத்த அன்னிக்கே ஏன்னு எனக்குத் தெரியும்மா. கொழந்தை பசியில என் தட்டுல கைய வெச்சிச்சி. தட்டிவிட மனசு வரல.”

அவரே பேச்சை மாற்றி, “நீங்களும் ரெண்டு வாய் சாப்ட்டுப் போங்க, கூழு இருக்கு” என்றார்.

“இப்பதான் சாப்ட்டு வந்தேன்க்கா.”

சாப்பிட்டிருக்கவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார். இரண்டாவது முறை கூப்பிடவில்லை. ரயிலில் விழுப்புரம் போய்ச் சேரும் வரை அந்தத் தலையாட்டல்தான் கண்ணுக்குள் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, சாயங்காலம் குழந்தையை அழைக்கப் போனபோது நானே கூழ் கேட்டுச் சாப்பிட்டேன். கேட்டதும் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய், தட்டை இரண்டு தரம் கழுவிக்கொண்டு வந்தார். வேண்டாம்க்கா என்று சொல்லியும் கழுவினார்.

இப்போது என் மகள் எல்லாம் சாப்பிடுகிறாள். வீட்டிலும்தான். அக்கா இன்னும் அவளைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் எதைக் கொடுப்பதானாலும் முதலில் எனக்குப் போன் செய்கிறார். “முட்டை அவிச்சேன், குடுக்கலாமாம்மா?” “மாம்பழம் ஒரு துண்டு குடுக்கலாமாம்மா?” கேட்கவே வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். சரி என்கிறார். மறுநாளும் போன் வருகிறது.