ஆடாத தலை

முப்பத்தைந்து வயதாகியும் சண்முகவடிவின் முகத்தைக் காட்டும் படம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்துக்கு எடுத்ததும் இல்லை, தேர்த் திருவிழாவில் எடுத்ததும் இல்லை. யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், தலையில் போட்ட கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு விறுவிறுவென்று நடையைக் கட்டிவிடுவாள். பட்டிக்காட்டுப் பயம் என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன தெரியும்? மேமலைத் தேயிலைத் தோட்டத்தில் சினிமாக் கேமராவைக் கையில் பிடித்துப் படம் எடுத்த ஒரே ஆள் அவள்தான்.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி இரண்டு மைல் மேலே ஏறினால் மேமலைத் தோட்டம். 1957இல் தேயிலையைப் பற்றிப் படம் எடுக்கக் கொழும்பிலிருந்து நாலு பேர் வந்தார்கள். வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்களுக்குக் காட்டப் போகிற படம். செலவெல்லாம் தோட்டக் கம்பெனியுடையது. கேமராக்காரன் பெயர் அழகுமுத்து. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, மெட்ராசுக்கு ஓடிப்போய், ஸ்டூடியோவில் ஐந்து வருஷம் பெட்டி தூக்கி வேலை கற்றவன். கால்சட்டையும் தொப்பியுமாகத் துரை மாதிரி நின்றாலும் வாயைத் திறந்தால் நம் பேச்சு. "எங்கம்மாவும் கொழுந்துக்காரிதாங்க" என்று அவன் சொன்ன முதல் நாளே தோட்டம் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

மலைதான் அவனுக்கு மசியவில்லை. ஸ்டூடியோவில் தண்டவாளம் போட்டு அதன்மேல் கேமராவைத் தள்ளிக்கொண்டு போவார்களாம். இந்தச் சரிவில் எங்கே தண்டவாளம் போடுவது? கேமராவைக் கையில் பிடித்து நடந்து பார்த்தான். கல்லில் கால் இடறும், கண்ணாடியில் மலை முழுவதும் குலுங்கும். நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் வடிவு அவர்களுக்குத் தேத்தண்ணி வாளியைத் தலையில் வைத்து, கையால் பிடிக்காமல், செங்குத்தான படிகளில் இறங்கி வந்தாள். அழகுமுத்து வாளிக்குள் எட்டிப் பார்த்தான். விளிம்பு வரை இருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை.

"அக்கா, ஒங்க தலை ஆடவே இல்லியே!"

"ஆடினா கூடை கவுந்துரும்ல தம்பி. பத்து வயசுலேருந்து தலையில கயித்தப் போட்டுக் கூடை சொமக்கிறேன்."

அன்றைக்கே அவன் தோட்டத்துத் துரையிடம் பேசி அவளை வேலைக்குக் கேட்டு வாங்கிவிட்டான். முதல் மூன்று நாள் வெறும் பெட்டிதான், உள்ளே பிலிம் இல்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கப் பழகினாள். நடையை அவன் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முழங்காலைச் சற்று மடக்கி, மூச்சை வயிற்றில் அடக்கி, பாதத்தால் தரையைத் தொட்டுப் பார்த்து வைக்கிற நடையை அவன்தான் அவளிடம் கேட்டுக்கொண்டான். பார்வையைச் சொல்லித்தந்தது அவன்.

விரல்களால் சதுரம் கட்டி, அதற்குள் மலையைப் பார்க்கச் சொன்னான். ஆள் நடக்கிற பக்கம் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் முட்டிக்கொள்வது போல் இருக்கும். கழுத்தோடு ஆளை வெட்டக் கூடாது. முதலில் அசையாமல் நின்று பார்க்க வேண்டும், பிறகு நகர வேண்டும், முடிக்கும்போது மறுபடி நிற்க வேண்டும். "ஏன் நகர்றோம்னு ஒங்களுக்குத் தெரியணும்க்கா. காரணமில்லாம நகர்ந்தா பாக்கிறவனுக்கு மயக்கம்தான் வரும்." முகத்தை எடுத்தால் மனசுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும், அதற்குக் குறைந்தால் யாருக்கும் முகம் நினைவில் நிற்காது.

வடிவுக்கு இது பைத்தியம் போலப் பிடித்துக்கொண்டது. கொழுந்து மலையைப் பார்த்தாலும் சதுரம், அடுப்பைப் பார்த்தாலும் சதுரம். கங்காணி கத்திக்கொண்டிருக்கும்போது விரலைத் தூக்கி அவர் தலையை வேண்டுமென்றே வெட்டிவிட்டுச் சிரிப்பாள். "என்னடி, வெரல வச்சிப் பேய் ஓட்டுறியா?" என்று லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மீனம்மா கேலி செய்வாள். செய்யட்டுமே. அதுவரை வடிவின் கண் எதைப் பார்க்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கூடையில் எத்தனை றாத்தல் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அவள் சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான்.

பிலிம் போட்ட பிறகு எடுத்த முதல் படம் நிரை நிரையாகக் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நடுவே மேலிருந்து கீழே இறங்கி வருவது. கேமராவுக்குச் சாவி கொடுத்தால் அரை நிமிடம் ஓடும். அந்த அரை நிமிடமும் அவள் மூச்சுப் பிசகாமல் நடந்தாள்.

அந்த மாதத்தில்தான் தோட்டத்தில் புதுத் தொழிற்சங்கம் கட்டும் பேச்சு இரகசியமாக நடந்துகொண்டிருந்தது. பிள்ளைக் காம்பராவின் கூரை ஒழுகி, வேலைக்குப் போன தாய்மார் விட்டுப்போன குழந்தைகள் நனைந்து கிடந்தன. சங்கத்தில் யார் யார் சேர்ந்தார்கள் என்று துரைக்குத் தெரிந்தால் வேலை போகும், குடியிருக்கிற காம்பரா போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பகலில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், சாமி கும்பிடப் போவது போலப் போய்க் கூடினார்கள்.

அழகுமுத்து அவளைத் தனியே கூப்பிட்டான். "அக்கா, அந்தக் கூட்டத்த எடுத்துக் குடுங்க. கொழும்புல சங்கத்துப் பெரியவங்களுக்குக் காட்டுறேன். சனங்க மொகத்தப் பாத்தா சும்மா இருப்பாங்களா? நான் வந்தா எல்லாரும் திரும்பிக்குவாங்க. ஒங்களப் பாத்துத் திரும்ப மாட்டாங்க."

"தொரைக்குத் தெரிஞ்சா?"

"எங்கம்மா மேல சத்தியமா, தொரை கைக்குப் போகாது."

அவள் நம்பினாள். லயத்தில் பிறந்தவன் தாய் மேல் சத்தியம் செய்தால் நம்பாமல் என்ன செய்வது?

கோயிலுக்குப் பின்னால் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வடிவு ஓரத்திலிருந்து தொடங்கினாள். நின்றாள், நகர்ந்தாள், ஒவ்வொரு முகத்திலும் ஐந்து எண்ணினாள். வெளிச்சம் முகத்தில் விழும் பக்கமாகச் சுற்றி வந்தாள். சாவி தீரும்போதெல்லாம் நின்று மறுபடி கொடுத்தாள். ஒருவரும் திரும்பவில்லை, பெட்டிக்குப் பின்னால் இருப்பது நம் வடிவுதானே. மீனம்மா மட்டும் கம்பளியால் முகத்தை மூடினாள்.

"மூடாதீங்க மதினி. பாக்கட்டும்."

மீனம்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு கம்பளியை இறக்கி நேராகப் பார்த்தாள். வடிவு ஐந்துக்குப் பதிலாக ஏழு எண்ணினாள், அத்தனை நன்றாக இருந்தது அந்த முகம்.

படம் கழுவ மெட்ராசுக்குப் போய் மூன்று மாதம் கழித்து வந்தது. ஒரு ஞாயிறு பிற்பகல் தொழிற்சாலையின் மேல்தட்டில் ஜன்னல்களைச் சாக்கால் மறைத்துத் திரை கட்டினார்கள். வடிவுக்கு ஆள் அனுப்பினார்கள். துரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். அவள் புருஷன் செல்லசாமி வாசல் வரை வந்து பார்த்துவிட்டுப் பெருமை தாங்காமல் லயமெல்லாம் சொல்லிக்கொண்டு போனான்.

முதலில் தேயிலைப் படம் ஓடியது. அவள் நடந்த மலை திரையில் இறங்கி வந்தது. ஒரு குலுக்கல் இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த ரோலை மாட்டினார்கள். கோயில் சுவர் தெரிந்தது.

மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கொப்பியும் பென்சிலுமாகத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒவ்வொரு முகமாக வந்தது, ஒவ்வொரு பெயராக எழுதினார். அவசரமே இல்லாமல் எழுத முடிந்தது. ஒவ்வொரு முகமும் ஐந்து எண்ணும் நேரம் அசையாமல் நின்று கொடுத்தது. மீனம்மா கம்பளியை இறக்கியபோது துரை சிரித்தார். "நல்லா எடுத்திருக்கே" என்றார்.

வடிவு எழுந்து அழகுமுத்துவிடம் போனாள். "தம்பி, இத யாருக்கு எடுத்தோம்?"

அவன் படம் ஓட்டும் மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தொரைதான் எடுக்கச் சொன்னாரு, மொதல்லேருந்தே. எம் பொழப்பு அவுங்க கையிலக்கா. ஆனா ஒண்ணு சொல்றேன், மெட்ராஸ்லகூட இப்படி ஒருத்தர் நடந்து எடுத்து நான் பாத்ததில்ல."

பாவி, அந்த நேரத்திலும் பாராட்டு. அவன் முகத்தில் துப்பியிருக்கலாம். அவளுக்கு வாய் உலர்ந்து போயிருந்தது.

அந்த வாரம் பதினேழு பேருக்கும் வேலைநீக்கப் பற்றுச்சீட்டு வந்தது: வேலை இல்லை, காம்பராவைக் காலி செய். ஒவ்வொரு சீட்டிலும் வேறு வேறு காரணம். வடிவுக்கு மட்டும் வரவில்லை. அவள் ஆபீசுக்கு ஓடி, "எம் பேரையும் எழுதுங்கய்யா, நானும் அங்கதான் இருந்தேன்" என்று அழுதாள். கண்டாக்கையா கொப்பியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "படத்துல நீ இல்லியே. போ, போயி வேலையப் பாரு."

மீனம்மா சட்டி பானையை மூட்டை கட்டி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வடிவு போய் அவள் கையைப் பிடித்தாள். ஏமாந்து போனேன் மதினி என்று சொல்லத்தான் போனாள். மீனம்மா கையை உதறினாள்.

"எல்லா மொகமும் இருக்கு. ஒம் மொகம் மட்டும் எங்கடி போச்சு?"

படம் எடுத்தவள் படத்தில் இருக்க மாட்டாள் என்பதை யாரிடம் சொல்லி நம்ப வைப்பது? துரைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததையோ எல்லோரும் அறிவார்கள், செல்லசாமி சொன்ன பெருமைதான். அதன் பிறகு எட்டு வருஷம் அவள் நிரையில் தனியாக நின்று கொழுந்து எடுத்தாள். தண்ணீர்ப் பீலியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

1965இல் செல்லசாமி பொறுக்கமாட்டாமல் இந்தியாவுக்கே போய்விடலாம் என்றான். அங்கே யாருக்கும் இந்தக் கதை தெரியாது. பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். ஹட்டனில் லாபிர் நானாவின் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனான். அவன் படம் முதலில் எடுத்து முடிந்தது. அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். லாபிர் நானா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் அவள் கை தானாகக் கம்பளியை இழுத்தது.

"மூடாதீங்கம்மா. நேரா பாருங்க."

அவள் கேட்டாள், "இந்தப் படம் யாரு கைக்குப் போவும்?"

"ஒங்க கைக்குத்தான். அல்லா மேல சத்தியமா வேற யாருக்கும் போகாது."

நல்ல மனுஷன். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் சத்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் வடிவு எழுந்துவிட்டாள். "வடிவு, இது ஒண்ணு இல்லாட்டி நம்ம போக முடியாது" என்று செல்லசாமி கெஞ்சினான். அவளுக்கு அது தெரியும். கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, மேமலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கினாள். தலை ஆடவில்லை.